ஏரி விளிம்பும் தரிசு நிலமும்

வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கே காவிரி. இம்மூன்றுக்கும் இடையே கரடுகளும் மானாவாரி வயல்களும் ஏரிகளும் கலந்து கிடக்கும் சமவெளியே சேலம், நாமக்கல் மாவட்டங்களின் நடுநிலம். நிலக்கடலையும் சோளமும் மரவள்ளியும் விளையும் இந்நிலம் வறட்சிக்குப் பழகியது. பறவைகள் என்றதும் வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் கோடியக்கரையும் நினைவுக்கு வருமேயன்றி, இச்சமவெளி எவர் நினைவிற்கும் எளிதில் வருவதில்லை. ஆயினும் ஐப்பசி மழை ஏரிகளை நனைத்து, மார்கழிப் பனி வயல்வெளிகளை மூடும் காலத்தில், பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த பறவைகள் இங்கே இறங்குகின்றன. அவை எங்கே இறங்குகின்றன, எதை நாடி இறங்குகின்றன என்பதைத் தை மாதத்தின் ஒரே நாளில், விடியல் முதல் அந்தி வரை நடந்து அறிந்துகொள்ள முடியும். அந்த ஒரு நாள், நிலத்தைப் பற்றி மனிதர் வகுத்து வைத்திருக்கும் சில முடிவுகளை மறுபடி எண்ணிப் பார்க்கச் செய்கிறது.

வலசை என்னும் வாழ்க்கைமுறை

பருவம் மாறும்போது பறவைகள் ஓரிடத்திலிருந்து வேறோரிடத்திற்குக் கூட்டமாகவோ தனித்தோ பெயர்ந்து சென்று, மீண்டும் தம் இடத்திற்கே திரும்புதல் வலசை எனப்படும். குளிருக்கு அஞ்சியே பறவைகள் தெற்கு நோக்கி வருகின்றன என்று பலரும் கருதுவர். இறகுப் போர்வை அணிந்த பறவைக்குக் குளிரைவிடப் பசியே பெரும்பகை. சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் கூதிர் தொடங்கியதும் நீர்நிலைகள் உறைகின்றன, பூச்சிகள் மறைகின்றன, பகற்பொழுது சுருங்கி, இரை தேடும் நேரமும் குறைகிறது. அப்போது உணவு கிடைக்கும் நிலத்தை நாடிப் பறவைகள் புறப்படுகின்றன. கோடையில் அவ்வட நிலங்களில் பகல் நீண்டு, பூச்சிகள் பெருகும்போது, குஞ்சு வளர்ப்பதற்காக மீண்டும் திரும்புகின்றன. பகற்பொழுதின் நீளம் மாறுவதை உணர்ந்தே அவற்றின் உடல் பயணத்திற்கு ஆயத்தமாகிறது. தோலுக்கடியில் கொழுப்பு சேர்கிறது. அக்கொழுப்பே அவற்றின் கட்டுச்சோறு.

ஆர்க்டிக் பகுதி முதல் இந்தியப் பெருங்கடல் வரை பரந்துள்ள இப்பயண வழியை நடு ஆசிய வான்வழி என்று அறிவியலாளர் அழைப்பர். இவ்வழியில் முப்பது நாடுகள் அடங்கும். தமிழ்நாடு இவ்வழியின் தென்கோடியை ஒட்டியது. கொசு உள்ளான் என்னும் சிறுபறவையின் எடை 30 கிராமுக்கும் குறைவு. ஆர்க்டிக் கரையோரத்து மரமற்ற வெளிகளில் முட்டையிடும் அப்பறவை, தன் சிறகுகளை மட்டுமே நம்பித் தமிழகத்து ஏரிச்சேற்றில் வந்து நிற்கிறது.

பறவைகளின் இப்பெயர்ச்சியைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். புறநானூற்றில் பிசிராந்தையார், குமரித்துறையில் அயிரை மீன் உண்டு வடதிசை மலைநோக்கிப் பறக்கும் அன்னத்தை விளித்துப் பாடியுள்ளார். சத்திமுத்தப் புலவரும் தென்திசைக் குமரியிலிருந்து வடதிசைக்குத் துணையோடு மீளும் நாரையிடம் தம் வறுமையைச் சொல்லி அனுப்பினார். ஒரு பறவை தென்கோடிக்கும் வடமலைக்கும் உரியது என்னும் அறிவு இவ்விருவர் பாடல்களுக்கும் அடிப்படையாக நிற்கிறது.

சமவெளியின் அமைப்பு

இந்நிலத்தின் பறவைகளை அறிய, முதலில் இதன் நீரோட்டத்தை அறிதல் வேண்டும். திருமணிமுத்தாறும் சரபங்கா ஆறும் சேர்வராயன் மலையில் தோன்றிக் காவிரியை அடைகின்றன. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை ஆங்காங்கே மறித்து, முன்னோர் ஏரிகளைத் தொடர்வரிசையாக அமைத்தனர். மேல் ஏரி நிரம்பியதும் மிகுநீர் கலிங்கு வழியாகக் கீழ் ஏரிக்குச் செல்லும்.

இவ்வேரிகளின் வடிவம் கவனிக்கத்தக்கது. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டுமே மண்கரை எழுப்பப்பட்டிருக்கும். எனவே கரையை ஒட்டி நீர் ஆழமாக நிற்கும். எதிர்ப்பக்கத்தில், அதாவது ஓடை வந்து நுழையும் பக்கத்தில், ஏரித்தரை மெல்ல மெல்ல உயர்ந்து வயல்களோடு கலந்துவிடும். கரையடியில் ஆளை மறைக்கும் ஆழம், நடுவே இடுப்பளவு, அதற்கப்பால் முழங்கால் அளவு, விளிம்பில் வெறும் ஈரச்சேறு. ஒரே ஏரிக்குள் அமைந்த இப்படிநிலைகளே பறவைகளுக்குப் பல வகை வீடுகளாகின்றன.

காலை: நீரின் ஆழத்தைக் காட்டும் பறவைகள்

பறவை காண்போர் கதிரவன் எழுமுன் ஏரிக்கரையில் இருப்பர். இரவெல்லாம் பசித்திருந்த பறவைகள் விடிந்ததும் முனைப்பாக இரை தேடும். அவற்றைக் கண்டறிய அதுவே ஏற்ற நேரம். கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிரே இருந்தால் கருநிழல் மட்டுமே தெரியும். ஓர் இரட்டைக்கண் நோக்கியும் குறிப்பேடும் எழுதுகோலும் போதும். நோக்கியின்மேல் 8 × 42 என்று பொறித்திருந்தால், அது காட்சியை எட்டு மடங்கு பெரிதாக்கும் என்பதும், அதன் முகப்பு வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதும் பொருள்.

சேலம் நகரின் வடபுறத்தில், கன்னங்குறிச்சியை அடுத்து, சேர்வராயன் மலையடிவாரத்தில் மூக்கனேரி அமைந்துள்ளது. குப்பையும் கழிவும் சேர்ந்து பாழாகிக்கொண்டிருந்த இவ்வேரியைச் சேலம் மக்கள் குழு என்னும் குடிமக்கள் அமைப்பு 2010-ஆம் ஆண்டு சீரமைக்கத் தொடங்கியது. தோண்டியெடுத்த வண்டலை வெளியே கொண்டு செல்லாமல், ஏரிக்குள்ளேயே சிறுசிறு திட்டுகளாகக் குவித்து, அவற்றில் மரக்கன்றுகளை நட்டனர். மனிதர் எளிதில் செல்ல இயலாத அத்திட்டுகளின் மரங்கள் நீர்க்காகங்களும் கொக்குகளும் அடையும் இடங்களாயின.

விடியலில் இத்தகைய ஏரியை நோக்கினால், பறவைகள் எங்கும் சிதறிக் கிடப்பதுபோல் முதலில் தோன்றும். சற்றுப் பொறுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஆழ்நீரில் நீர்க்காகங்கள் மூழ்கி மீன் பிடிக்கின்றன. முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி வேறோரிடத்தில் எழுகிறது. கரிய உடலும் நெற்றியில் வெண்ணிறத் திட்டும் கொண்ட நாமக்கோழிகள் நீர்ச்செடிகளைக் கொத்துகின்றன; நெற்றியின் அந்த வெண்மையே அவற்றுக்குப் பெயர் தந்தது. இன்னும் ஆழம் குறைந்த பகுதியில் வாத்துகள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் புள்ளிமூக்கு வாத்தோடு, வலசை வரும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நீலச்சிறகியும் ஒரே பரப்பைப் பகிர்ந்துகொள்கின்றன.

இவ்வாத்துகள் மூழ்கி இரை தேடுவன அல்ல. தலையை நீருக்குள் நுழைத்து, வாலை வானை நோக்கி உயர்த்தி, அலகு எட்டும் ஆழத்தில் உள்ள விதைகளையும் கிழங்குகளையும் சிற்றுயிர்களையும் உண்கின்றன. அலகு எட்டாத ஆழத்தில் எவ்வளவு உணவு இருப்பினும் அவற்றுக்குப் பயனில்லை. தட்டைவாயனின் அலகு கரண்டிபோல் அகன்றது. அதன் ஓரங்களில் சீப்பின் பற்கள்போன்ற அமைப்பு உண்டு. நீரை உள்வாங்கி ஓரங்கள் வழியே வெளியேற்றும்போது, நுண்ணுயிர்கள் மட்டும் அலகினுள் தங்குகின்றன. ஒரு முழத்திற்கு உட்பட்ட ஆழமே இவற்றுக்கு உணவுக்களம்.

முற்பகல்: சேற்று விளிம்பு

சேலத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் நாமக்கல் உள்ளது. 1997-ஆம் ஆண்டு தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அந்நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் தூசூர் ஏரி, பழையபாளையம் ஏரி முதலியவை பறவை காண்போர் நாடிச் செல்லும் இடங்கள். இவ்வகை ஏரிகளில் கரைமீது நடப்பதைவிட, ஓடை நுழையும் எதிர்ப்பக்கத்துச் சேற்று விளிம்பை நோக்குவதே மிகுந்த பயன் தரும்.

முதல் பார்வையில் அங்கே ஒன்றும் இராது; சேறும் சில காய்ந்த புற்களும் மட்டுமே தெரியும். பிறகு சேற்றின் நிறத்திலேயே ஒரு பறவை நகரும். அதனருகே இன்னொன்று, அப்பால் இருபது, முப்பது. உள்ளான்கள் எனப்படும் கரைப்பறவைகள் இவை. பின்னுடலை இடைவிடாது அசைத்தபடி கரையோரம் ஓடுவது உள்ளான். முதுகில் பொரி சிதறியதுபோன்ற வெண்புள்ளிகள் உடையது பொரி உள்ளான். பச்சை சாயல் கொண்ட நீண்ட கால்களுடன் முழங்கால் நீரில் நிற்பது பச்சைக்காலி. கழுத்தில் கருவளையம் தரித்து, ஓடி நின்று, மீண்டும் ஓடி இரை கொத்துவது பட்டாணி உப்புக்கொத்தி. செந்நிறக் குச்சிகள்போன்ற கால்களுடன் சாண் ஆழத்திலும் நடப்பது நெடுங்கால் உள்ளான்.

இவையெல்லாம் ஒரே சேற்றில் இரை தேடியும் பெரும்பாலும் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லை. காலின் நீளம் எவ்வளவு ஆழத்தில் நிற்கலாம் என்பதை வரையறுக்கிறது. அலகின் நீளம் சேற்றின் எவ்வளவு அடியில் உள்ள புழுவை எடுக்கலாம் என்பதை வரையறுக்கிறது. குட்டை அலகுடைய உப்புக்கொத்தி கண்ணால் கண்டு மேற்பரப்பின் பூச்சியைக் கொத்துகிறது. நீண்ட அலகுடைய விசிறிவால் உள்ளான் அலகைச் சேற்றுக்குள் செலுத்தித் தொடுவுணர்வாலேயே புழுவை அறிகிறது. விரற்கடை அளவே ஆழமுள்ள நீரைக் கொசு உள்ளான் நாடும். அதைவிட ஆழமானால் அது நிற்க இயலாது.

மழைக்குப் பின் ஏரிநீர் நாள்தோறும் சிறிது சிறிதாக வற்றுகிறது. தை, மாசி, பங்குனி என மாதங்கள் செல்லச் செல்ல, நீர் பின்வாங்கிய இடமெல்லாம் புதுச்சேறாகிறது. முன்னாள் வரை நீருக்கடியில் இருந்த புழுக்களும் நத்தைகளும் பூச்சிகளின் இளவுயிரிகளும் அன்று பறவைகளுக்கு எட்டுகின்றன. ஏரி வற்றுவதை இழப்பாகவே மனிதர் காண்கின்றனர். அவ்வற்றுதலே கரைப்பறவைகளுக்கு அன்றாடம் இலை விரிக்கிறது. திரும்பும் பயணத்திற்கான கொழுப்பை அவை சேர்ப்பதும் இச்சேற்றிலேதான்.

நண்பகல்: தோப்பின் நிழல்

வெயில் ஏறியதும் ஏரிப்பறவைகள் ஓய்வுகொள்கின்றன. அந்நேரத்தில் புளியந்தோப்புகளும் மாந்தோப்புகளும் கோயில்காடுகளும் மலையடி ஓடைகளும் காணத்தக்கவை. இங்குள்ள விருந்தினர் கண்ணுக்கு எளிதில் சிக்குவதில்லை. காதுக்கே முதலில் சிக்குகின்றனர். புளியமரத்தின் இலைகளுக்கிடையே இடையறாது பூச்சி தேடும் பச்சைக் கதிர்க்குருவி, இலையின் நிறத்தோடு கலந்திருக்கும். குளிர்காலத்திலும் அது தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதற்குள் வேறொரு கதிர்க்குருவி நுழைந்தால் குரலெழுப்பித் துரத்தும். வேலிப்புதர்களில் நாணல் கதிர்க்குருவி கல்லோடு கல் தட்டியதுபோல் ஒலிக்கும். மரக்கிளை நுனியில் கண்பட்டை கட்டியதுபோன்ற முகத்துடன் பழுப்புக் கீச்சான் அமர்ந்திருக்கும். மலையடி ஓடைகளின் பாறைகளில் சாம்பல் வாலாட்டி வாலசைத்து நடக்கும்.

வலசைப் பறவைகள் அனைத்தும் வெளிநாட்டிலிருந்து வருவன அல்ல. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடுகட்டி, குளிர்காலத்தில் தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் வருவது ஆறுமணிக்குருவி. பல நிறங்கள் கொண்ட அச்சிறுபறவை நிழலடர்ந்த தரையில் சருகுகளைக் கிளறி இரை தேடும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் அது குரல் கொடுப்பதைக் கேட்டுத் தமிழர் இட்ட பெயர் அது. ஒரு பறவையின் பழக்கத்தைப் பலகாலம் கவனித்தவர்களே இத்தகைய பெயரைச் சூட்ட முடியும். விரால் அடிப்பான், நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான், கல்பொறுக்கி என்னும் பெயர்களும் அவ்வாறே பறவையின் தொழிலை ஒரு சொல்லில் அடக்குகின்றன. மக்களின் வழக்கில் இருந்த இத்தகைய பெயர்களைத் தொகுத்து நூலாக்கியவர்களுள் க. ரத்னம் குறிப்பிடத்தக்கவர்.

மாலை: தரிசின் விருந்தினர்

பிற்பகலில் வெயில் தணியும்போது, ஊர்ப்புறத்து மேய்ச்சல் நிலங்களும் அறுவடை முடிந்த மானாவாரி வயல்களும் உயிர்பெறுகின்றன. வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்ட நிலங்கள் இவற்றுள் பல. முழங்கால் அளவுப் புல்லும் ஆவாரையும் சங்கஞ்செடியும் கற்களும் தவிர வேறேதும் இல்லாத இந்நிலத்தை, வளமற்றதென்று எவரும் எளிதில் தள்ளிவிடுவர்.

புல்வெளிக்கு மேலே, ஆள் உயரத்திற்குச் சற்றே மேலாக, சிறகுகளை மேல்நோக்கிச் சாய்த்தபடி ஒரு பருந்து மிதந்து வருகிறது. சாம்பல் நிற ஆண் பறவையாயின் தொலைவிலேயே தெரியும். பழுப்பு நிறப் பெண்ணாயின் நிலத்தோடு கலந்துவிடும். பூனைபோல ஓசையின்றிப் பதுங்கி இரைமேல் இறங்குவதால் இது பூனைப்பருந்து எனப்படுகிறது. கசகசுத்தான் முதலிய நாடுகளின் பரந்த புல்வெளிகளில் கூடுகட்டும் இப்பறவைகள், இந்தியாவில் தேடுவதும் அதேபோன்ற திறந்த வெளியையே. வெட்டுக்கிளி, ஓணான், சிறுபறவை ஆகியவை இவற்றின் உணவு. இரவில் இவை மரங்களில் அடைவதில்லை. புற்களுக்கிடையே தரையிலேயே கூட்டமாக அடைகின்றன. எனவே திறந்த புல்வெளி இவற்றுக்கு உணவுக்களமாகவும் உறங்கும் அறையாகவும் இருக்கிறது.

அதே நிலத்தில் நெட்டைக்காலிகளும் வானம்பாடிகளும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டியும் கௌதாரியும் வாழ்கின்றன. மின்கம்பியில் அமர்ந்த பனங்காடை, சட்டெனப் பறந்து நீலச்சிறகுகளை விரித்துத் தரையில் இறங்குகிறது. கல்பொறுக்கி அரிதாகக் காணப்படலாம். முட்களும் கற்களும் நிறைந்த தரையிலேயே முட்டையிடும் இவற்றுள் பலவற்றுக்கு மரங்கள் அடர்ந்த இடம் பயன்படுவதில்லை.

சோளம் கதிர்முற்றும் வயல்களில் இன்னொரு கூட்டம் இறங்குகிறது. கரிய தலையும் இளஞ்சிவப்பு உடலும் கொண்ட சோளக்குருவிகள் அவை. சூறைக்குருவி என்றும் பெயர் பெறும். நடு ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகளை உண்டு வளரும் இவை, வேறு பல வலசைப் பறவைகளுக்கு முன்பாகவே இந்தியாவிற்குள் வந்துவிடுகின்றன. சோளத்தைத் தின்பதால் உழவர் இவற்றை விரட்டுவதுண்டு. ஆயினும் அதே கூட்டம் பயிரை அழிக்கும் பூச்சிகளையும் தின்கிறது. அந்தி நேரத்தில் நூற்றுக்கணக்கான சோளக்குருவிகள் ஒரே உடல்போல் வளைந்து திரும்பி, மரமொன்றில் அடையும் காட்சி குளிர்காலச் சமவெளியின் பெருங்காட்சிகளுள் ஒன்று.

மாறிவரும் நிலம்

ஒரு நாளின் நடையில் கண்ட இவ்விடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். பறவைகள் மிகுந்திருந்தவை மனிதர் மதிக்கும் இடங்களில் அல்ல. நிறைந்த ஏரியின் ஆழ்நீரைவிட, நீர் விலகிய சேற்று விளிம்பிலும், பசுமையான வயலைவிடத் தரிசிலும் வலசைப் பறவைகள் பலவாக இருந்தன. பயனற்றவை என்று கருதப்படுவதனாலேயே இவ்விரு விளிம்புகளும் முதலில் அழிகின்றன.

ஏரியைத் தூர்வாருதல் உழவுக்கும் குடிநீருக்கும் இன்றியமையாதது. வண்டல் படிந்த ஏரி நீரைத் தேக்காது. ஆனால் ஏரி முழுவதையும் ஒரே ஆழத்தில் தோண்டி, நான்கு பக்கமும் செங்குத்தான கரை எழுப்பி, கற்கள் பதித்துவிட்டால், அது பெரிய தொட்டியாகிவிடும். நீர் மிகுதியாகத் தேங்கும், நீர்க்காகங்கள் பெருகலாம், உள்ளானுக்கு நிற்க இடம் இராது, வாத்துக்கு அலகு எட்டாது. நகரக் கழிவுநீர் கலந்த நீர்நிலைகளில் ஆகாயத்தாமரை பரவி நீர்ப்பரப்பையே மூடிவிடுகிறது. சீமைக்கருவேலம் திறந்த புல்வெளிகளை முட்காடாக்குகிறது. நல்லெண்ணத்தோடு நடப்படும் மரங்களும், புல்வெளிப் பறவைகளின் இடத்தில் நடப்பட்டால், அவற்றை வெளியேற்றிவிடும். மரம் நடுதல் நற்செயலே. எனினும் எவ்விடத்தில் நடுவது என்னும் வினாவும் அதனோடு சேர்ந்தே எழ வேண்டும்.

இது வெறும் அச்சமன்று. 2023-ஆம் ஆண்டு வெளியான இந்தியப் பறவைகளின் நிலை என்னும் அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை காண்போர் பதிவுசெய்த ஏறத்தாழ 3 கோடிக் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவுகள் கிடைத்த 338 இனங்களுள் 204 இனங்கள் குறைந்துள்ளன. திறந்த நிலங்களில் வாழும் பறவைகளும் வலசை வரும் பறவைகளும் மிகுந்த சரிவைக் கண்டுள்ளன. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கல்பொறுக்கியும் பனங்காடையும் குறைந்துவரும் இனங்களுள் அடங்கும். காலையில் ஏரியிலும் மாலையில் தரிசிலும் எளிதாகக் காணப்பட்ட பறவைகளின் பெயர்கள் அவ்வறிக்கையில் இடம்பெற்றிருப்பது சிந்திக்கத்தக்கது.

எண்ணிக்கையும் பொறுப்பும்

ஒரு பறவை குறைந்துள்ளது என்று சொல்ல வேண்டுமாயின், முன்பு எவ்வளவு இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். சென்ற நூற்றாண்டில் இத்தகைய பதிவுகள் மிகச்சிலவே. 1929-ஆம் ஆண்டு தொடங்கிய வெர்னே அறிவியல் ஆய்வுக் குழுவினர் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் சுற்றியபோது, சேர்வராயன் மலைப்பகுதியிலும் பறவைகளைத் திரட்டினர். அக்கால முறைப்படி பறவைகள் சுடப்பட்டு, பதப்படுத்தப்பட்டு, அருங்காட்சியகங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆய்வின் முடிவுகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. இன்று துப்பாக்கியின் இடத்தை நோக்கியும் குறிப்பேடும் பெற்றுள்ளன. ஆய்வுக் குழுவின் பணியில் பொதுமக்களும் பங்குகொள்கின்றனர். இதனைக் குடிமக்கள் அறிவியல் என்பர்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறையின் நான்கு நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நிகழ்கிறது. வீட்டுத் தோட்டத்திலோ பள்ளி வளாகத்திலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகள் அனைத்தையும் எண்ணிப் பதிவு செய்வதே அதன் எளிய முறை. வனத்துறையும் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளையும் நிலப்பறவைகளையும் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் கணக்கெடுக்கிறது.

கணக்கெடுப்பிற்குச் சில நெறிகள் உண்டு. நாள், இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதாமல் காக்கையையும் மைனாவையும் எழுதுதல் வேண்டும். இன்று எளியதாகத் தோன்றுவது நாளை அரியதாகலாம். பெருங்கூட்டத்தைக் கண்டால், முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அப்பத்து எவ்வளவு பரப்பில் அடங்குகின்றன என்பதை மனத்திற்கொண்டு, கூட்டத்தில் அத்தகைய பரப்புகள் எத்தனை என்று அளவிட வேண்டும். உறுதியாகத் தெரியாத பறவைக்குப் பெயரிடாமல், வாத்து என்றோ உள்ளான் என்றோ பொதுவாக எழுதுவதே நேர்மை. ஒன்றும் காணாத நாளையும் பதிவு செய்தல் வேண்டும். பறவை இல்லை என்பதும் ஒரு தரவே. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரே ஏரிக்கு மாதந்தோறும் சென்று எண்ணுதல், நூறு ஏரிகளுக்கு ஒருமுறை செல்வதைவிடப் பயன் தரும்.

பறவைக்கு இடையூறு செய்யாமை இக்கலையின் முதல் அறம். படமெடுக்கும் ஆர்வத்தால் நெருங்கிச் சென்று கூட்டத்தை எழுப்பினால், ஒவ்வொரு பறத்தலிலும் பயணத்திற்கெனச் சேர்த்த கொழுப்பின் ஒரு பகுதி வீணாகிறது. பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வெளியே அழைப்பதும், கூட்டின் அருகே நிற்பதும் தவிர்க்கத்தக்கவை.

இவ்வாறு சேரும் பதிவுகள் குறிப்பேட்டோடு நின்றுவிட வேண்டியவை அல்ல. ஓர் ஏரியைத் தூர்வாருவது பற்றி ஊராட்சியின் கிராமசபை பேசும்போது, அவ்வேரியின் எந்தப் பக்கத்தில் எந்த மாதத்தில் எத்தனை உள்ளான்கள் இருந்தன என்பதை எண்களோடு சொல்ல ஒருவர் எழுந்தால், பேச்சின் போக்கு மாறும். கரையடியில் ஆழமாகத் தோண்டி, ஓடை நுழையும் பக்கத்தை மென்சரிவாகவே விட்டுவைத்தால், உழவருக்கு வேண்டிய நீரும் கிடைக்கும். பறவைக்கு வேண்டிய சேறும் எஞ்சும். முன்னோர் அமைத்த ஏரியின் வடிவமே அதற்கு வழிகாட்டி. மேய்ச்சல் நிலம் ஒன்றை வேறு பயனுக்கு மாற்ற எண்ணும்போது, அங்கே ஆடு மாடுகளோடு பூனைப்பருந்தும் வானம்பாடியும் வாழ்கின்றன என்பதற்குச் சான்றாக ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும்.

பங்குனி வெயில் ஏறும்போது ஏரிகள் சுருங்க, விருந்தினர் ஒவ்வொருவராக வடக்கு நோக்கிப் புறப்படுகின்றனர். கசகசுத்தானின் புல்வெளியும் சைபீரியாவின் சதுப்பும் அவற்றுக்குப் பிறந்தகம் என்றால், தூசூரின் சேறும் நாமக்கல் கரடுகளின் அடிவாரத்துப் புல்லும் அவற்றுக்கு ஆண்டில் ஏறத்தாழ பாதிக்காலம் புகலிடம். இரண்டில் ஒன்று அழிந்தாலும் வலசை நின்றுவிடும். வட நிலத்தைக் காப்பது அந்நாட்டவர் கடமை. இங்குள்ள சேற்று விளிம்பையும் தரிசு நிலத்தையும் காப்பது இச்சமவெளி மக்களின் கடமை. அதற்கான முதற்செயல், அவ்விடங்களில் என்ன இருக்கிறது என்பதை நின்று நோக்கி எண்ணி எழுதுவதே.